வீட்டிலேயே குழந்தைப் பராமரிப்பு: ஆஸ்திரேலியாவில் ஃபேமிலி டே கேர் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில், கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளிவேலைக்குப் போக முடியாத தாய்மார், சொந்த வீட்டிலேயே பிறர் குழந்தைகளைக் கட்டணத்திற்குப் பார்த்துக்கொள்ளும் ஃபேமிலி டே கேர் என்றொரு வழி இருப்பதை அறிந்ததும், "நம் பிள்ளையோடு இன்னும் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் வருமானமும் ஆயிற்று, பிள்ளையும் நம்மோடு இருக்கும்" என்று எண்ணுவது இயல்பு. எண்ணத்தில் பிழையில்லை, கணக்கில்தான் பிழை. சொந்தப் பிள்ளையும் சேர்க்கப்படும் நால்வரும் பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாதவர்கள் என்றால், அந்த ஐவரை ஒரே நேரத்தில் தனியாகப் பார்த்துக்கொள்வது விதிமீறல். 2012-இல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரக் கட்டமைப்பு, பெரிய பராமரிப்பு மையங்களைப் போலவே வீட்டில் நடக்கும் பராமரிப்பையும் ஒரே சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் உங்களைப் பிள்ளை பார்ப்பவராகக் கருதவில்லை. எஜுகேட்டர், அதாவது கல்வி தருபவர், என்றே குறிப்பிடுகிறது.

எண்ணிக்கை விதியை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் எஜுகேட்டர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் ஏழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களில் பள்ளி செல்லாத வயதினர் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் உங்கள் சொந்தப் பிள்ளைகள் 13 வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்து, அவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு பெரியவர் அங்கே இல்லையென்றால், அவர்களும் இந்த ஏழு பேருக்குள் அடங்குவார்கள். பலர் தடுமாறுவது பள்ளி விடுமுறையில்தான். பள்ளி நாள்களில் சரியாக இருந்த கணக்கு, விடுமுறையில் சொந்தப் பிள்ளைகள் இருவர் வீட்டில் தங்கிவிட, ஒன்பதாகிவிடும். ஒரு தாய் அவசரமாக வந்து, "இன்று மட்டும் இவளையும் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று கேட்கும்போது மறுக்க மனம் வராது. ஆனால் தீ விபத்து நேர்ந்தால் நீங்கள் ஒருவராகவே எத்தனை பிள்ளைகளை வாசலுக்குக் கொண்டு வர முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணிக்கையின் நியாயம் விளங்கும்.

அடுத்தது தகுதி. சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்துவிட்டு, படித்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம் என்ற பழைய அறிவுரை இன்னும் வாய்வழியாக உலவுகிறது. 2023 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் எஜுகேட்டர், குழந்தைப் பருவக் கல்வியில் மூன்றாம் நிலைச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தால்தான் பணியைத் தொடங்க முடியும். அந்தப் படிப்பில் 160 மணிநேர நேரடிப் பயிற்சியும் அடங்கும். சில வாரங்களில் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் பயிற்சி நிறுவனங்களை நம்பிப் பணம் கட்டுவது பெருந்தவறு. உரிய பயிற்சி இல்லாமல் நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழ்களைத் தொழிற்கல்விக் கட்டுப்பாட்டு ஆணையம் 2024-இன் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கில் ரத்து செய்திருக்கிறது. இதனுடன் முதலுதவி, ஒவ்வாமை அதிர்ச்சி, ஆஸ்துமா அவசரநிலை ஆகியவற்றுக்கான பயிற்சியும் வேண்டும்.

தனியாக இத்தொழிலை நடத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எஜுகேட்டர்களைச் சேர்த்து மேற்பார்வையிடும், அனுமதி பெற்ற ஃபேமிலி டே கேர் சர்வீஸ் ஒன்றில் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன் ஒருங்கிணைப்பாளர் உங்கள் வீட்டைப் பரிசோதித்து, பின்னரும் அவ்வப்போது வந்து பார்ப்பார். எந்த சர்வீஸ் குறைந்த கட்டணம் பிடித்துக்கொள்கிறது என்று மட்டும் பார்த்துச் சேருகிறவர்கள், ஆறு மாதத்திற்குப் பிறகு ஒரு பெற்றோருடன் பிணக்கு வரும்போது தொலைபேசியை எடுக்கக்கூட ஆளில்லாமல் தவிக்கிறார்கள். சேருவதற்கு முன் ஒருங்கிணைப்பாளர் எத்தனை முறை வருவார், என்ன உதவி செய்வார் என்று கேளுங்கள். எதையும் பார்க்காமல் கையொப்பம் இட்டுப் போகிற ஒருங்கிணைப்பாளர் உங்களுக்கு வசதியானவர் அல்லர், ஆபத்தானவர்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பேறுகாலத்திற்கோ பேரப்பிள்ளையைப் பார்க்கவோ ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து சில மாதங்கள் தங்குவது நமக்கு வழக்கம். வீட்டில் வசிக்க வரும் 18 வயது நிரம்பிய எவரைப் பற்றியும் சர்வீஸுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வசிக்க அவர் ஏற்றவர்தான் என்பதை சர்வீஸ் உறுதிசெய்ய வேண்டும். கணவர், 18 வயதான மகன், அறை வாடகைக்கு இருப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் வந்து போகும் விருந்தினரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதைவிட முக்கியமானது, ஐந்து பிள்ளைகளை வளர்த்த அனுபவம் உள்ள பாட்டியானாலும், "பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று அவரிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. பொறுப்பு உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது, அது கைமாறாது.

பாட்டியின் கைப்பக்குவமும் இங்கே கவனத்திற்குரியது. குழந்தை அழுதால் தூளி கட்டி ஆட்டுவதும், வயிறு உப்பியிருந்தால் வசம்பு உரைத்துத் தருவதும், சளிக்குத் தைலம் தடவுவதும் நம் வளர்ப்பில் அன்பின் வடிவங்கள். மற்றவரின் குழந்தைக்கு இவற்றைச் செய்யக் கூடாது. கைக்குழந்தையைத் தட்டையான, உறுதியான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாந்த நிலையில் தூங்கவைப்பதே பாதுகாப்பான முறை. தூளி இதற்குள் அடங்காது. 2023 அக்டோபர் முதல் பாசினெட் எனப்படும் சிறு தொட்டில் பராமரிப்பு நடக்கும் வீட்டில் இருக்கவே கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. மருந்து எதுவானாலும், காய்ச்சலுக்கான சாதாரணச் சொட்டு மருந்தானாலும், பெற்றோரின் அனுமதி மருந்துப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி, ஆஸ்துமா போன்ற அவசரநிலைகள் மட்டுமே விலக்கு. வேர்க்கடலைச் சட்னியும் முந்திரி போட்ட பாயசமும் சமைக்கும் அடுக்களையில், எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்ற பட்டியல் கண்ணில் படும்படி இருக்கட்டும். சாப்பிட மறுக்கும் குழந்தையை மடியில் அமுக்கிப்பிடித்து ஊட்டுவதோ, செல்லமாகவே ஆனாலும் ஓர் அடி வைப்பதோ வேண்டாம். உடல்ரீதியான தண்டனையைச் சட்டம் குற்றமாகவே கருதுகிறது.

வீட்டு அமைப்பில் பெரும்பாலோர் படிக்கட்டுக் கதவையும் நீச்சல் குளத்து வேலியையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 75 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கண்ணாடியை மறந்துவிடுகிறார்கள். அது உடைந்து சிதறாதபடி பாதுகாப்பு ஒட்டுத்தாள் ஒட்டப்பட வேண்டும், அல்லது தடுப்பு வைக்க வேண்டும். அவசரகால வெளியேற்றப் பயிற்சியை மூன்று மாதத்திற்கு ஒருமுறை நடத்திப் பதிவு செய்ய வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிய தவறுகள்தாம் வாழ்க்கையையே குலைக்கக்கூடியவை. பெற்றோருக்கு உரிய குழந்தைப் பராமரிப்பு மானியத்தை அரசு சர்வீஸுக்குச் செலுத்துகிறது. எஞ்சிய பங்கைப் பெற்றோர் கட்ட வேண்டும். "நமக்குள் தானே, மீதியைத் தர வேண்டாம்" என்று விட்டுக்கொடுப்பதும், அந்தத் தொகையை ரொக்கமாக வாங்கிக்கொள்வதும் தவறு. 2023 ஜூலை முதல் அந்தப் பங்கு மின்னணு முறையில்தான் செலுத்தப்பட வேண்டும். குழந்தை வராத நாளில் வந்ததாகவும், நான்கு மணிக்குப் போன குழந்தை ஆறு மணி வரை இருந்ததாகவும் பதிவு செய்வது மோசடி; இத்துறையில் அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் கேட்டாலும், சர்வீஸ் நடத்துபவரே சொன்னாலும், நடக்காத நேரத்திற்குக் கையொப்பம் இடாதீர்கள். நீங்கள் பணிபுரியும் நாளில் உங்கள் பிள்ளையை வேறொரு ஃபேமிலி டே கேர் வீட்டில் விட்டால், சில விதிவிலக்குகள் தவிர, மானியம் கிடைக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான எஜுகேட்டர்கள் சம்பளக்காரர்கள் அல்லர், சுயதொழில் புரிவோர். ஆகவே வருமான வரியை யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள்; ஓய்வூதியச் சேமிப்பும், நோய்க்கால விடுப்பும் தாமாக வாரா. கைக்கு வந்த தொகை முழுவதையும் செலவழித்துவிட்டு, ஆண்டு முடிவில் வரிக்குக் கடன் வாங்குவோர் உண்டு. குறைந்தது 1 கோடி டாலர் மதிப்பிலான பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். வீட்டுக் காப்பீடு இதற்கு ஈடாகாது. வீட்டுக் கடன் வட்டியின் ஒரு பகுதியைத் தொழில் செலவாகக் காட்டினால், பின்னாளில் அந்த வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி வரக்கூடும் என்பதால், கணக்காளரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

இறுதியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் பேசினால்தான் தரமான எஜுகேட்டர் என்று நினைத்து, தமிழ்க் குழந்தைகளிடம்கூடத் தமிழை மறைத்துவிடுகிறார்கள். இந்நாட்டின் ஆரம்பகாலக் கற்றல் கட்டமைப்பு, குழந்தையின் வீட்டு மொழியையும் பண்பாட்டையும் பேணச் சொல்கிறது. "நிலா நிலா ஓடி வா" பாடி, அதற்குக் குழந்தை எப்படிக் கைதட்டியது, எந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னது என்பதை அன்றே இரண்டு வரியில் எழுதி, பெற்றோரின் ஒப்புதலுடன் ஒரு படத்தையும் சேர்த்துவிட்டால், ஒருங்கிணைப்பாளர் கேட்கும் கற்றல் பதிவு அதுவே.