ஆடிப்பட்டத்துக்கு வீட்டுக்குள் நாற்று: விளக்கும் தட்டும் அமைத்தல்

நடும்போது மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாள் வயது இருக்க வேண்டும் என்பதால், ஆடிப்பட்டத்துக்கு ஆனி பிறந்ததுமே விதை போட்டாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் பொள்ளாச்சியையும் கோவையையும் அறைகிற பருவமும் அதுவே. இரண்டிலை நாற்று மொட்டைமாடியில் அதைத் தாங்காது. முதல் ஒரு மாதத்தை வீட்டுக்குள் கழிப்பதே நல்லது.

குளிர்நாடுகளில் விதைத்தட்டின் அடியில் சூடேற்றும் விரிப்பு போடுவார்கள். மிளகாயும் தக்காளியும் முளைக்க 25 முதல் 30 டிகிரி போதும். அது நம் வீட்டு அறையிலேயே கிடைப்பதால், பணத்தை விளக்குக்குச் செலவிடுங்கள். சன்னலோர வெளிச்சமே போதும் என்று நம்பி முதல் ஆண்டு நான் வைத்த தக்காளி நாற்றுகள், ஒரே வாரத்தில் நூலாக நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்து படுத்துவிட்டன.

நான்கடி நீள ரேக் ஒன்றின் மேல்தட்டிலிருந்து 20 வாட் எல்இடி டியூப் லைட் இரண்டை, வெள்ளை ஒளி தருவதாகப் பார்த்து, சங்கிலியில் தொங்கவிடுங்கள். இலை நுனிக்கும் விளக்குக்கும் நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளிதான் இருக்க வேண்டும் என்பதால், நாற்று வளர வளர விளக்கை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும், சங்கிலி அதற்காகத்தான். நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியும்படி டைமர் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஏறக்குறைய 54 செ.மீ. நீளமுள்ள 98 குழிகள் கொண்ட விதைத்தட்டுகள் இரண்டு அதன் கீழ் அடங்கும்.

தென்னை நார்க்கழிவுக் கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழுப்புச் சாறு வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். போரில் வரும் சப்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு ஏறி, முளையிலையின் ஓரம் கருகும். மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரமும் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சிறிதும் கலந்து, ஒரு கைப்பிடியை இறுக்கிப் பாருங்கள்: விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு கசிந்தால் பதம் சரி, ஒழுகினால் நாற்றழுகல் நிச்சயம்.

விதையை அரை செ.மீ. ஆழத்தில் இட்டு, தட்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். தக்காளி ஒரு வாரத்துக்குள்ளும் மிளகாய் சற்றுத் தாமதித்தும் முளைக்கும். முதல் முளையின் கழுத்து தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட்டு விளக்கைப் போடுங்கள். தண்ணீரை மேலே தெளிக்காமல், தட்டின் அடியில் வைத்த தாம்பாளத்தில் ஊற்றி, குழிகள் உறிஞ்சியதும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கடைசி வாரத்தில் நாற்றை வெளியே பழக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வருவதால், வீட்டின் கிழக்குச் சுவர் மறைவில், முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயிலில் வைத்துத் தொடங்குங்கள்.