ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் டேபிளை மாற்றுவது எப்படி: போஸ்ட்கிரெஸ் லாக் பற்றி ஒரு செய்முறை

ஐம்பது லட்சம் ரெக்கார்டு உள்ள டேபிளில் புதிதாக ஒரு ஃபீல்டைச் சேர்க்க போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்குச் சில மில்லிசெகண்டு போதும். ரெக்கார்டுகளை அது தொடுவதே இல்லை, டேபிளின் விவரக் குறிப்பை மட்டும் மாற்றுகிறது. 2018-ல் வந்த 11-ஆம் பதிப்பு முதல், நிலையான டிஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் இதே வேகம்தான். அப்படியிருந்தும், இந்தச் சின்னக் கட்டளையால் மொத்த ஆப்பும் உறைந்து போவது உண்டு. ஏன் என்பதை உங்கள் கணினியிலேயே செய்து பார்த்துவிடலாம். ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு போட வேண்டும்.

படி 1: சோதனை டேபிள்

உங்கள் கணினியில் உள்ள போஸ்ட்கிரெஸில் பி-எஸ்க்யூஎல் (கட்டளை அடிக்கும் கருவி) திறந்து இதை ஓட்டுங்கள். உண்மையான சர்வரில் வேண்டாம்.

கிரியேட் டேபிள் ஆர்டர்ஸ் (ஐடி இன்ட், அமவுண்ட் நியூமெரிக்);
இன்சர்ட் இன்டு ஆர்டர்ஸ் செலக்ட் ஜி, 100 ஃப்ரம் ஜெனரேட்_சீரிஸ்(1, 100000) ஜி;

படி 2: மூன்று ஜன்னல்

மூன்று டெர்மினல் ஜன்னல்களில் பி-எஸ்க்யூஎல் திறந்து வையுங்கள். முதல் ஜன்னலில்:

பிகின்;
செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் ஆர்டர்ஸ்;

எண்ணிக்கை வந்துவிடும். கமிட் செய்யாமல் அப்படியே விடுங்கள். இரண்டாவது ஜன்னலில்:

ஆல்டர் டேபிள் ஆர்டர்ஸ் ஆட் காலம் நோட் டெக்ஸ்ட்;

(கட்டளையில் ‘காலம்’ என்பது ஃபீல்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நேரம் அல்ல.) இது நின்றுவிடும். சரி, எதிர்பார்த்ததுதான். இப்போது மூன்றாவது ஜன்னலில் ஒரு சாதாரண வாசிப்பு:

செலக்ட் * ஃப்ரம் ஆர்டர்ஸ் லிமிட் 1;

இதுவும் நின்றுவிடும்! முதல் ஜன்னல் படிக்கத்தான் செய்தது, மூன்றாவதும் படிக்கத்தான் கேட்கிறது. இரண்டு வாசிப்புகள் ஒன்றையொன்று தடுப்பதில்லை. அப்புறம் ஏன் நிற்கிறது?

செலக்ட் ஓடும்போது ‘ஆக்சஸ் ஷேர்’ என்ற லாக்கை, அதாவது பூட்டை, எடுக்கிறது. இருப்பதிலேயே மிக லேசான லாக் அது. ஆனால் அது செலக்ட் முடிந்ததும் விடுபடாது, டிரான்சாக்‌ஷன் முடியும்வரை கையில் இருக்கும். பிகின் முதல் கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது) அல்லது ரோல்பேக் (அவற்றைக் கைவிடுவது) வரை உள்ளதுதான் ஒரு டிரான்சாக்‌ஷன். ஆல்டர் டேபிள் கேட்பது ‘ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ்’. மற்ற எல்லா லாக்குகளோடும், ஆக்சஸ் ஷேரோடும்கூட, மோதுவது அது ஒன்றுதான். ஆகவே ஆல்டர் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வருபவர்கள், காத்திருக்கும் அந்த ஆல்டரோடு மோதுவதால், அதற்குப் பின்னாலேயே வரிசையில் நிற்கிறார்கள். அது இன்னும் எதையும் தொடங்கவில்லை, இருந்தும் வழியை அடைத்துவிட்டது.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: ஆல்டர் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைவிட, லாக்குக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

படி 3: யார் யாரைத் தடுக்கிறார்கள்?

ஜன்னல்கள் நின்றிருக்கும்போதே நான்காவதாக ஒன்றைத் திறந்து இதை ஓட்டுங்கள்:

செலக்ட் பிட், ஸ்டேட், நவ்() - எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட், பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ்(பிட்), குவெரி ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி;

பிட் என்பது ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள பிராசஸ் எண், பி-ஐ-டி என்று அடியுங்கள். எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் என்பது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், அதை எக்ஸ்-ஏ-சி-டி என்று தொடங்குங்கள். மூன்றாவது ஜன்னலைத் தடுப்பது இரண்டாவது என்றும், இரண்டாவதைத் தடுப்பது முதலாவது என்றும் காட்டும். முதல் ஜன்னலின் நிலை ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று இருக்கும். அதாவது வேலை எதுவும் செய்யாமல் டிரான்சாக்‌ஷனை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. அங்கே கமிட் அடியுங்கள். மற்ற இரண்டும் உடனே முடிந்துவிடும்.

உண்மையான சர்வரில் அந்த முதல் ஜன்னலாக இருப்பது, ஆட்டோ-கமிட்டை அணைத்துவிட்டு சாப்பிடப் போனவருடைய கிளையண்டாகவோ, டிரான்சாக்‌ஷனைத் திறந்த கையோடு வெளி ஏபிஐ ஒன்றுக்காகக் காத்திருக்கும் கோடாகவோ இருக்கலாம். பலர் மறக்கும் இன்னொன்று பேக்கப். அதற்கான கருவியான பிஜி_டம்ப் தொடங்கும்போதே, தான் நகலெடுக்கப்போகும் எல்லா டேபிள்களிலும் ஆக்சஸ் ஷேர் எடுத்து, முடியும்வரை வைத்திருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் குறைவு என்று பராமரிப்பை அந்நேரத்தில் வைப்பவர்கள், பேக்கப்பையும் அதே காரணத்துக்காக அதே நேரத்தில் வைத்திருப்பார்கள். முதலில் கிரான் பட்டியலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலை, பாருங்கள்.

தடுப்பவரை நீக்க இரண்டு வழி உண்டு. பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் ஓடிக்கொண்டிருக்கும் குவெரியை மட்டும் நிறுத்தும். சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனில் நிறுத்துவதற்குக் குவெரியே இல்லை, அதனால் அங்கே பயன்படாது. அதற்கு பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் வேண்டும். அது இணைப்பையே துண்டித்து, டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்துவிடும். யாருடைய வேலை அது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 4: லாக் டைம்அவுட்

முதல் ஜன்னலில் மறுபடியும் பிகின், செலக்ட் போட்டு விடுங்கள். இரண்டாவதில் இப்போது இப்படி:

பிகின்;
செட் லோக்கல் லாக்_டைம்அவுட் = '2எஸ்';
ஆல்டர் டேபிள் ஆர்டர்ஸ் ஆட் காலம் ரிமார்க்ஸ் டெக்ஸ்ட்;
கமிட்;

இரண்டு நொடியில் லாக் கிடைக்காவிட்டால் ஆல்டர் பிழை காட்டி விலகிக்கொள்ளும். பின்னால் நின்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். கமிட் அடித்தாலும் ரோல்பேக் என்றுதான் பதில் வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. சில நொடி விட்டு மறுபடி முயலுங்கள், கிடைக்கும்வரை. இதை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் லூப்பாகப் போட்டுவிடலாம். இரண்டு நொடி என்பது என் விருப்பம். உங்கள் பயனர் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் பொறுத்திருப்பார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதன் டிஃபால்ட் மதிப்பு 0, அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். அதற்காக சர்வர் கான்ஃபிக்கில் பொதுவாகப் போட்டுவிட வேண்டாம், எல்லா இணைப்புகளையும் அது பாதிக்கும். பராமரிப்பு செய்யும் செஷனில் மட்டும் போதும். ஆப்பின் யூசருக்கு ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் வைப்பது வேறு விஷயம். 9.6 பதிப்பிலிருந்து இருக்கும் அந்த வசதியை அவசியம் வையுங்கள்.

படி 5: டேட்டா மாற்றத்தைத் தனியே பிரியுங்கள்

போஸ்ட்கிரெஸில் ஆல்டர் டேபிளையும் ரோல்பேக் செய்யலாம் என்பது பெரிய வரம். ஆனால் அந்தத் தைரியத்தில் ஆல்டரையும், புது ஃபீல்டை நிரப்பும் பெரிய அப்டேட்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டால், அப்டேட் முடிந்து கமிட் ஆகும்வரை ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் விடுபடாது. ஆல்டரை முதலில் கமிட் செய்யுங்கள். அப்புறம் ஐடி வரம்பு வைத்து ஐயாயிரம், பத்தாயிரம் ரெக்கார்டுகளாக அப்டேட் செய்து, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் போடுங்கள்.

படி 6: இண்டெக்ஸ்

தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸை உருவாக்கும் வெறும் கிரியேட் இண்டெக்ஸ், முடியும்வரை அந்த டேபிளில் எழுத விடாது. படிக்க மட்டும் விடும். அதனால் கூட்டம் உள்ள டேபிளில் இப்படி:

கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி ஆர்டர்ஸ்_ஐடி_ஐடிஎக்ஸ் ஆன் ஆர்டர்ஸ் (ஐடி);

டேபிளை இரண்டு முறை படிப்பதால் இதற்குக் கூடுதல் நேரமாகும். டிரான்சாக்‌ஷனுக்குள் இதை ஓட்ட முடியாது. மைக்ரேஷன் கருவிகள் (டேபிள் மாற்றங்களைக் கோடிலிருந்து ஓட்டுபவை) எல்லாவற்றையும் டிரான்சாக்‌ஷனில் சுற்றிவிடும் என்பதால் அதை அணைக்க வேண்டும். ஜாங்கோவில் மைக்ரேஷன் கிளாஸில் அடாமிக் = ஃபால்ஸ், ரெயில்ஸில் டிஸேபிள்_டிடிஎல்_டிரான்சாக்‌ஷன்! (ஆச்சரியக்குறியோடு).

தனக்கு முன் தொடங்கிய பழைய டிரான்சாக்‌ஷன்கள் முடியவும் இது காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும்போது மற்றவர்களின் வாசிப்பையோ எழுத்தையோ தடுப்பதில்லை. ஆகவே இங்கே மட்டும் லாக்_டைம்அவுட்டை 0 ஆக்கிவிடுங்கள். பாதியில் நின்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சிவிடும். குவெரிக்கு உதவாமல், எழுதும்போது மட்டும் பாரமாக இருக்கும். பிஜி_இண்டெக்ஸில் இண்டிஸ்வேலிட் ஃபால்ஸ் என்று இருப்பதைத் தேடி, டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி மூலம் நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

படி 7: கன்ஸ்ட்ரெயின்ட்

ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் உள்ள மதிப்பே வர வேண்டும்) அல்லது செக் (சொன்ன நிபந்தனைக்குப் பொருந்த வேண்டும்) என்ற விதியைச் சேர்க்கும்போது கடைசியில் நாட் வேலிட் என்று போடுங்கள். பழைய ரெக்கார்டுகளைச் சரிபார்க்காமல் உடனே முடியும், புதிதாக வருபவை மட்டும் சரிபார்க்கப்படும். பிறகு தனி டிரான்சாக்‌ஷனில் வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட் ஓட்டினால், எழுத்தைத் தடுக்காத லேசான லாக்கோடு பழையவற்றைச் சரிபார்க்கும். நாட் நல், அதாவது காலியாக விடக் கூடாது என்ற விதி, வேண்டுமா? ‘இஸ் நாட் நல்’ என்ற செக்கை இதே முறையில் சேர்த்துச் சரிபார்த்த பின் செட் நாட் நல் போடுங்கள். 12-ஆம் பதிப்பிலிருந்து அந்த செக்கை நம்பி, டேபிளை மறுபடி படிக்காமல் முடித்துவிடும்.

படி 8: வேக்யூம்

சாதாரண வேக்யூம் (பழைய ரெக்கார்டுகளின் மிச்சத்தைச் சுத்தம் செய்வது) ஆப் ஓடும்போதே ஓடலாம். வேக்யூம் ஃபுல் வேறு ஆள். டேபிளைப் புதிதாக எழுதி முடிக்கும்வரை ஆக்சஸ் எக்ஸ்குளூசிவ் வைத்திருக்கும், நகலுக்கு டிஸ்க் இடமும் கேட்கும். ஆப்பை நிறுத்த அனுமதி இருந்தால் ஒழிய ஓட்டாதீர்கள்.

கடைசியாக, லாக்குக்காகக் காத்திருப்பவை சர்வரில் பதிவாக வழி செய்யுங்கள்: லாக்_லாக்_வெயிட்ஸ் = ஆன். (முதல் ‘லாக்’ பதிவேடு, இரண்டாவது பூட்டு.) டெட்லாக்_டைம்அவுட் அளவை, டிஃபால்டாக 1 நொடியை, தாண்டிக் காத்திருந்த ஒவ்வொரு கட்டளையும், அதைத் தடுத்த பிட் எண்ணும் சர்வர் பதிவேட்டில் வந்துவிடும். பராமரிப்பு நடந்த நேரத்தின் வரிகளை மறுநாள் காலை எடுத்துப் பாருங்கள்.