கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

பக்கவாதம் வந்தவரை அவசரப் பிரிவில் இறக்கியதும் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான், ஐசி நம்பர் எல்லாம் அப்புறம். என் பெரியப்பாவைப் பினாங்கில் உள்ள பிறையிலிருந்து கொண்டு போன அன்று நாங்கள் ஐந்து பேர் கூடவே நின்றோம். ஒருவர் ஏழு மணி என்றார், ஒருவர் ஒன்பது என்றார், நேற்று ராத்திரியே சோர்வாகத்தான் இருந்தார் என்றாள் அக்கா. நடந்தது என்னவென்றால், காலை ஏழு மணிக்கு அவர் தானாக நடந்து வந்து மேசையில் உட்கார்ந்தார், தே ஓ குவளையைத் தூக்கினார், அது கையில் நிற்காமல் சாய்ந்து மேசையெல்லாம் வழிந்தது. தூக்கக் கலக்கம் என்று சொல்லி கோடாலி தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். ஒன்பது மணிக்குப் பேச்சு குழறியது. பக்கத்து கிளினிக் திறக்கும் வரை காத்திருந்தோம், திறந்ததும் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கும் அவருக்குச் சட்டைப் பொத்தானைப் பெரியம்மாதான் போட்டு விடுகிறார்.

எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த மணி ஏன் இவ்வளவு முக்கியம்? பக்கவாதம் இரண்டு வகை. பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி அடைத்துக்கொள்வது, மற்றது குழாய் வெடித்து ரத்தம் கசிவது. அடைப்பு வகையில், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 1995இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு நிரூபித்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆனால் அந்த ஊசிக்கு ஓர் ஆபத்தும் உண்டு: 1995 ஆய்வில் ஊசி போட்ட 100 பேரில் சுமார் 6 பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. அதனால்தான் சிடி ஸ்கேன் எடுத்து, நேரத்தையும் கேட்டு உறுதி செய்யாமல் டாக்டர் ஊசியைத் தொடமாட்டார். நேரம் சொல்லத் தெரியவில்லை என்றால் கைக்கு எட்டிய மருந்து கிடைக்காமல் போகலாம்.

தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. 2015இல் நெதர்லாந்தில் 500 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 33 பேர் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்குத் திரும்பினார்கள், பெறாதவர்களில் 19 பேர்தான். 2018இல் வந்த ஆய்வுகள், பெரிய குழாய் அடைத்து, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இன்னும் இருப்பதாகத் தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இது பயன்படும் என்று காட்டின. அதனால் "நேரமாகிவிட்டது, இனி போய் என்ன" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறு. தூங்கி எழும்போதே கை வராமல் இருந்தாலும் அப்படித்தான், உடனே கிளம்புங்கள். அப்படி எழுந்தவர்களிலும் சிலருக்கு எம்ஆர்ஐ பார்த்து ஊசி போட முடியும். அப்போது சொல்ல வேண்டியது எழுந்த நேரம் இல்லை, ராத்திரி படுக்கப் போகும்போது கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நிமிடம் போதும். பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒன்று மெல்ல இறங்குகிறதா? "வாழைப்பழம் வாங்கி வந்தேன்" என்று சொல்லச் சொல்லுங்கள், குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ கவனியுங்கள். திடீரென்று ஒரு கண் இருட்டுவது, நடை தள்ளாடுவது, இதுவரை வந்ததே இல்லாத கடுமையான தலைவலி, இவையும் சேர்த்தி. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், மூன்றும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உடனே கைப்பேசியில் மணியைப் பார்த்து எழுதுங்கள், பிறகு ஆம்புலன்ஸுக்கு 999. பேசும்போது "மயக்கம்", "முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது, வாய் கோணி விட்டது, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று சொல்லுங்கள். வீட்டு எண், தாமான், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளி. அடுக்குமாடி வீடு என்றால் ஒருவர் கீழே இறங்கிப் போய் காவலாளியிடம் சொல்லித் தடுப்பைத் திறந்து வைக்க வேண்டும், லிஃப்டையும் பிடித்து வைக்க வேண்டும். எங்கள் ஃபிளாட்டில் ஆம்புலன்ஸ்காரர்கள் தள்ளுபடுக்கையோடு லிஃப்ட்டுக்காக நின்றதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்யக்கூடாது என்பது இன்னும் முக்கியம். தண்ணீர், தே ஓ, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசை வேலை செய்யாமல் இருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு வகையாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கலாம், எந்த வகை என்று ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. பிபி ஏறியிருக்கிறதே என்று கூடுதல் பிபி மாத்திரையும் வேண்டாம். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அதைச் செய்து கொண்டிருக்கும் நேரத்தில் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். இனிப்பு நீர் உள்ளவர் என்றால் வீட்டில் இருக்கும் கருவியில் சர்க்கரையைப் பாருங்கள், சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியும், அந்த எண்ணை ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் வாய் நேராகி, கையும் சரியாகிவிட்டால்? இங்கேதான் நம் வீடுகளில் அதிகம் ஏமாறுகிறோம். அது சிறு பக்கவாதம், பெரியது வரப்போகிறது என்ற எச்சரிக்கை, முதல் இரண்டு நாளில்தான் ஆபத்து மிக அதிகம். ஆக்ஸ்ஃபர்டில் நடந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. இப்படிப்பட்டவர்களை உடனே பார்த்து மருந்து தொடங்கியதில், மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வருவது சுமார் 80 விழுக்காடு குறைந்தது. திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி வராமல் தடுப்பது. மலேசியாவில் 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 10 பேரில் கிட்டத்தட்ட 3 பேருக்கு உயர் ரத்த அழுத்தம், ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதிலும் இந்தியர்களிடம்தான் இனிப்பு நீர் அதிகம். பக்கவாதத்துக்குக் காரணமாகும் விஷயங்களில் பிபிதான் முதலிடம். வீட்டில் பார்க்கும் முறையே பலருக்குத் தப்பாக இருக்கிறது: படியேறி வந்த கையோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல். அரை மணி நேரத்துக்கு முன் காப்பியோ சிகரெட்டோ கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் பல நாள் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

எண் சரியானதும் மாத்திரையை நிறுத்துவது நம்மிடையே உள்ள பெரிய பழக்கம், மாத்திரையால் கிட்னி போய்விடும் என்ற பயம் வேறு. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிபியும் சர்க்கரையும்தான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உப்பைப் பற்றி ஒரு செய்தி: சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரைச் சேர்த்து, பாதிக் கிராமங்களுக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது, அந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் கிட்னி பிரச்சினை உள்ளவர்களும் சில வகை பிபி மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது. கருவாடு, ஊறுகாய், கிச்சாப், நாசி கண்டார் குழம்பை சோற்றில் வெள்ளமாக ஊற்றுவது, இவற்றைக் குறைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு மணிக்கட்டில் நாடியை அரை நிமிடம் தொட்டுப் பாருங்கள். தாளம் தவறித் தவறி அடித்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பு அப்படித் தாறுமாறாகும் ஒரு நோய் பக்கவாத ஆபத்தை ஐந்து மடங்கு ஆக்கும், ரத்தம் கட்டாமல் காக்கும் மருந்து அதைப் பெருமளவு தடுக்கும்.

இன்றைக்கே ஒரு தாள் எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே நோய்கள், சாப்பிடும் மருந்துகள் (ரத்தம் கட்டாமல் காக்கும் மருந்து என்றால் அடிக்கோடு போட்டு), மருந்து அலர்ஜி, கடைசி அறுவை சிகிச்சை, பொறுப்பாகப் பேசக்கூடியவர் எண் எல்லாம் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். 24 மணி நேரமும் ஸ்கேனும் ஊசியும் உள்ள மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில் எது என்று இப்போதே விசாரித்து அதையும் எழுதுங்கள். தாளின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்று மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பெரியம்மா வீட்டில் சிவப்புப் பேனா தொங்குகிறது.