கோடைச் சேர்ந்திசைப் பயிலரங்கு: நடத்துனரையும் வரிசையில் நிறுத்துங்கள்

பயிலரங்கு நடத்துகிறவர்கள் பலரும், பாட்டுக்குழுவைக் கையசைத்து வழிநடத்தும் நடத்துனர்களை ஓர் அறையிலும் பிள்ளைகளை இன்னோர் அறையிலும் உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பயிற்சிக்கு வந்த நடத்துனர் முதல் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு நின்று பாடட்டும். ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் வரிசையில் நின்றால்தான் முன்னால் ஆடுகிற கை எவ்வளவு குழப்புகிறது என்பது புரியும்.

காலையில் கால் மணி நேரம் குரல் பயிற்சி போதும். உதட்டைத் துடிக்கவிட்டு ‘ப்ர்ர்ர்’ என்று மேலிருந்து கீழே இறங்கி வரச் சொல்லுங்கள். கீழே தொடங்கினால் பேசுகிற குரலின் கனத்தை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போவார்கள், கழுத்து நரம்பு புடைக்கும். அடுத்து ‘ஆ’. இருபது பேர் இருபது விதமாக வாயைத் திறந்தால் சுருதி சேரவே சேராது. வாயின் வடிவத்தை ஒன்றாக்குங்கள், பாதிப் பிசிறு தானாக அடங்கும்.

இரண்டு குரலில் பாட வைக்க எனக்குத் தெரிந்து மிக எளிய வழி, சோல்ஃபா கைச்சைகை: டோ, ரே, மி என்று ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கையடையாளம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இசைக் கல்வியாளர் ஜான் கர்வன் வகுத்தது, ஹங்கேரியின் இசையமைப்பாளர் சோல்டான் கோடாய் வழிவந்த ஆசிரியர்களால் உலகெங்கும் பரவியது. ‘டோ’வுக்கு மூடிய கை, ‘மி’க்குத் தரையைப் பார்த்த உள்ளங்கை, ‘சோ’வுக்கு நம்மைப் பார்த்த உள்ளங்கை. குழுவை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கத்துக்கு ஒரு கை, இடப்பக்கத்துக்கு மறு கை. ‘டோ’வை ஒரு பக்கம் பிடித்து நிற்க, மறு பக்கம் ‘மி’க்கு ஏறும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். தாளில் ஒரு சுரம்கூட இல்லாமல் அங்கே இரண்டு குரல் சேர்ந்து ஒலிக்கும்.

இனி நடத்துனர்களுக்கான பாடம். நான் ஒரு மதியம் முழுவதையும் இதற்கே ஒதுக்குவேன்: பாட்டு தொடங்குவதற்கு முன் வரும் அந்த ஒரு கையசைவு. பேசக் கூடாது, ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணவும் கூடாது. கையை உயர்த்தும்போதே மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். சென்ற முறை ஒருவர் தோளைத் தூக்கி மூச்செடுத்தார். எதிரே நின்ற அத்தனை தோளும் கூடவே ஏறியது, முதல் சுரம் இறுகிக் கீச்சென்று வந்தது. தோளை இறக்கி, விலா விரிய மூச்செடுக்கச் சொன்னேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே பிள்ளைகள், அதே சுரம், பஞ்சு மாதிரி விழுந்தது. ஒவ்வொருவரும் முதல் வரியை மட்டும் எட்டுத் தடவை தொடங்கிப் பழகட்டும்.

மகரக்கட்டு உடைகிற வயதுப் பையன்களை ஒதுக்காதீர்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் குரல் உடைந்தபோது, “நீ வாயை மட்டும் அசை” என்றார் குழுவை நடத்தியவர். மூன்று வருடம் நான் பாடவே இல்லை. அந்தப் பையனிடம் இன்றைக்கு நாலைந்து சுரம்தான் நிற்கும் என்றால், அந்த நாலைந்துக்குள் ஒரு வரியை எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரம் அவன் குரல் இன்னும் இறங்கிவிடும், மறுபடி எழுதுங்கள்.

முக்கால் மணிக்கு ஒருமுறை ஓய்வு, தண்ணீர். தொண்டை கட்டியவரைக் கிசுகிசுக்க விடாதீர்கள், அதுவும் குரலுக்கு வேலைதான்.

கடைசி நாள் ஒவ்வொரு நடத்துனரும் ஒரு பாட்டை நடத்தி முடித்ததும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “எங்க மூச்சு எடுக்கணும்னு அவங்க கையில தெரிஞ்சுதா?” தெரிந்தவர்கள் கை தூக்கட்டும். எத்தனை கை என்று நடத்துனர் தன் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.