தகவல் கசிந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராம் பாட்கள் (தானாகப் பதில் தரும் கணக்குகள்) வழியாகக் கிடைக்கின்றன என்று செய்தி வந்தது. பெயர், போன் நம்பர், முகவரி மட்டுமல்ல. அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, என்ன நோய் என்ற விவரம் வரைக்கும் அதில் இருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியது. ஆனால் வெளியே போனது போனதுதான்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் பலர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிறந்த தேதியையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் மாற்ற முடியாதே. அவற்றை வைத்துத்தான் அடுத்த அடி விழும், பல மாதம் கழித்துக்கூட.

அந்த அடி பெரும்பாலும் ஒரு போன் காலாக வரும். "சார், போன மார்ச்ல அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணீங்கள்ல? அந்த கிளைம்ல பதினோராயிரம் ரூபாய் உங்களுக்கு வர வேண்டியிருக்கு. பாலிசி நம்பர் நானே சொல்றேன், சரியான்னு மட்டும் பாருங்க." நம்பர் சரியாகவே இருக்கும். ஆஸ்பத்திரி பெயரும் சரியாக இருக்கும். இவ்வளவு தெரிந்தவர் கம்பெனி ஆளாகத்தான் இருப்பார் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கசிவுக்குப் பிறகு உங்கள் விவரம் தெரிந்திருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. போனை வைத்துவிட்டு, பாலிசி ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அவர்கள் பெயரில்தான் கிளைம் அதிகம். இப்படிப்பட்ட கால் வந்தால் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பவர்களும் அவர்கள்தான்.

இன்னொன்று, "என் பெயர் இருக்கிறதா பார்ப்போம்" என்று கசிந்த கோப்பைத் தேடிப் போவது. அந்த லிங்க்கில் வைரஸ் இருக்கலாம். மற்றவர்களின் மருத்துவ விவரமும் உங்கள் போனில் வந்து சேரும். வேண்டாம். நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி, என் தகவலில் எவையெல்லாம் வெளியே போயின என்று எழுத்தில் கேளுங்கள்.

பான் எண் போயிருந்தால் உங்கள் பெயரில் யாராவது லோன் வாங்கலாம். நம் பெயரில் உள்ள கடன்களைப் பதிவுசெய்து வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். நீங்கள் வாங்காத கடன் இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுவதும், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்ப்பதும் கால்மணி நேர வேலை.

பணமே போய்விட்டால், மறுநாள் வங்கிக்கு நேரில் போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். 2017 ஜூலை ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், பணம் போனதாக வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் தரும் வரைக்குமான நஷ்டம் உங்களுடையது. அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் அந்த நிலையிலும் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

இழப்பீட்டு விஷயத்தில் பலர் கோட்டைவிடுவது ஆதாரத்தில். கோபத்தில் கஸ்டமர் கேரில் அரைமணி நேரம் கத்துவார்கள், ஒரு வரி மெயில் அனுப்ப மாட்டார்கள். மோசடி எஸ்எம்எஸ்ஸைப் பார்க்கவே பிடிக்காமல் அழித்துவிடுவார்கள். எஸ்எம்எஸ் அப்படியே இருக்கட்டும், ஸ்கிரீன்ஷாட் கூடுதலாக இருக்கட்டும். மெயிலை ஃபார்வர்டு செய்துவிட்டு மூலத்தை நீக்காதீர்கள். அந்தப் போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதும் மெயிலில் எந்தத் தேதியில் என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம், என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். தகவல் கசிந்தது என்று காட்டுவது சுலபம். அந்தக் கசிவால்தான் இந்த நஷ்டம் வந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். கால் செய்தவர் சொன்ன பாலிசி எண், கிளைம் விவரம் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். அந்த விவரம் எங்கிருந்து போயிருக்கும் என்பதற்கு அதுதான் இணைப்பு.

அப்புறம், எங்கே போவது? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கும் என்று படித்துவிட்டு, அதில் நமக்கும் பங்கு வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். எஃப்ஐஆர் போட்டாலும் போலீஸ் குற்றவாளியைத்தான் தேடும், நிறுவனத்திடம் இழப்பீடு வாங்கித் தராது.

இழப்பீட்டுக்கு இருக்கும் நேர்வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. பாஸ்வேர்ட், வங்கி விவரம், பயோமெட்ரிக், மருத்துவப் பதிவு போன்றவற்றை அலட்சியமாகக் காத்த நிறுவனம், அதனால் நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும். வெறும் பெயரும் போன் நம்பரும் போனால் இந்தப் பிரிவு அவ்வளவாக உதவாது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே விசாரிக்கலாம். 2010-இல் தமிழ்நாட்டில் அப்படி விசாரித்து, இணைய மோசடியில் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு வங்கிக்கு உத்தரவிட்டார்கள். இந்த உத்தரவு பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. 43ஏ பிரிவை நீக்கும் ஏற்பாடு புதிய சட்டத்திலேயே இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த அறிவிக்கையின்படி அது 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், அமலுக்கு வருகிறது. சாதாரண மனிதருக்கு இருந்த ஒரே நேரடிக் கதவை மூடிவிட்டு, அதற்கு ஈடாக ஒன்றும் வைக்காதது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அங்கே கட்டணம் கணக்கிடப்படுவது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, சேவைக்குக் கட்டிய பணத்தை வைத்து. பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. ஒரே கசிவால் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாக ஒரே மனுவும் போடலாம். தனித்தனியாகச் சின்னத் தொகைக்கு அலைவதைவிட அதுவே நல்லது.