முட்டைக்கு அஸ்திவாரம் குஞ்சுப் பருவத்தில்

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் மொட்டை மாடியில கோழி வளர்க்கிறவங்க சிலர், குஞ்சுக்கு நொய்யும் பழைய சோறும் போட்டே ஓட்டிடுவாங்க. முட்டையிடுற வயசுலதான் நல்ல தீவனம் வாங்குவாங்க. அது லேட்டு. கோழியோட எலும்புக்கூடு பெரும்பாலும் 12 வாரத்துக்குள்ள வளர்ந்து முடிஞ்சிடும். அப்போ புரதம் குறைஞ்சு உடம்பு சிறுத்துட்டா, முட்டையிட ஆரம்பிக்கிறது தள்ளிப்போகும், முட்டையும் சின்னதா வரும்.

முதல் 8 வாரம் சுமார் 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம். பிறகு சுமார் 16 சதவீதம் உள்ள வளர்தீவனம். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் குஞ்சுக்குப் போடவே போடாதீங்க. அதுல சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்துக்கு மேல இருக்கும், குஞ்சோட சிறுநீரகம் கெட்டுடும். சுமார் 18 வாரத்துல, இல்ல முதல் முட்டை வந்ததும் அதுக்கு மாறினா போதும்.

நம்ம ஊர்ல மீன் தலை, குடல் சுலபமா கிடைக்கும். வேகவெச்சு கொஞ்சமா கலக்கலாம் (ரொம்பப் போட்டா முட்டையே கவிச்சி அடிக்கும்!). உப்புக் கருவாட்டுத் தூள் வேண்டாம், உப்பு அதிகமானா குஞ்சு செத்துடும். வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசுல நாலஞ்சு குஞ்சை நிறுத்து, எடையை காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.