பிறந்தநாளும் பாடமும் மோதாமல்: என் அனுபவம்

நாங்கள் டெக்சாஸில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பிள்ளைகள் ஏழு பேர் என்பதால், ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தாலே மற்ற ஆறு பேரும் புத்தகத்தை மூடிவிடுவதும், கேக் வேலையிலேயே என் காலைப்பொழுது கரைந்துபோவதும் வழக்கமாகியிருந்தது.

வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளிக்கு நிகராக ஏற்ற 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, இம்மாநிலத்தில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டுமே தவிர, இத்தனை மணி நேரம் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே பிறந்தநாள் பிள்ளைக்கு மட்டும் விடுமுறை கொடுத்து, அப்பாடத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன்; மற்றவர்களுக்குக் கேக்கையே கணிதப் பாடமாக்கினேன்.

மூத்தவள் செய்முறையை ஒன்றரை மடங்காக்கும்போது முக்கால் கோப்பைச் சர்க்கரை ஒன்றே அரைக்கால் கோப்பையாகிறது. அரைக்கால் அளவுக் கோப்பை எங்களிடம் இல்லாததால், இரண்டு மேசைக்கரண்டி என்று தம்பி கணக்குச் சொல்கிறான். 9க்கு 13 அங்குலத் தட்டில் வெந்த கேக்கை இருபுறமும் மும்மூன்றாகப் பிரித்தால், ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 13 சதுர அங்குலம். ஓரத்துத் துண்டுக்கான சண்டை மட்டும் எந்தக் கணக்கிலும் தீரவில்லை.

காலை ஜெபத்தில் வயதுக்கேற்ற எண்ணுள்ள சங்கீதத்தைப் பிறந்தநாள் பிள்ளையே வாசிக்க வேண்டும். பதினெட்டாம் சங்கீதத்தில் 50 வசனங்கள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்ட மூத்தவள், தங்கைகளோடு பங்கிட்டு வாசிக்க இப்போதே அனுமதி கேட்கிறாள்.